சர்டிபிகேட் வராது

விருத்தாசலம்
8.8.2007

அன்புள்ள திருமாலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பழமலைநாதர் புண்ணியத்தில் நான், அப்பா, பூர்ணிமா மூன்று பேரும் இங்கே நலம். நீயும் அந்த மெல்போர்ன் குளிரில் சளி, இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நலம் கேட்டாயிற்று, இனி திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி.

நவராத்திரி வருவதால் பொம்மை கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை, கரண்ட் வேறு நினைத்தபோது போகிறது. நேற்று கையெல்லாம் பெயிண்டோடு வீட்டுக்கு வந்தால் உன் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கிறார். எங்கே என்று கேட்டால் முழிக்கிறார். அதட்டிய பிறகுதான் நீ போன் செய்த கதை வெளியே வந்தது. டாக்ஸி ஓட்டிப் படிக்கிற பிள்ளையை ரோட்டில் போலீஸ் நிறுத்தி, போதைச் சோதனைக்கு நாக்கில் ஒரு குச்சியைத் தடவித் தரச் சொன்னார்களாம், நீ முடியாது என்றாயாம், மறுத்ததற்கே கேஸ் போட்டுவிட்டார்களாம், லைசென்ஸ் போய்விடுமாம். முதலில் எனக்கு அந்தப் போலீஸ்காரர் மேல்தான் ஆத்திரம் வந்தது. வெற்றிலைகூடப் போடாத பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று பாத்திரத்தை உருட்டினேன். அப்புறம்தான் அப்பா மீதியைச் சொன்னார். எல்லா வண்டியையும்தான் நிறுத்தினார்களாம், உனக்கு முன்னால் வந்த வெள்ளைக்கார அம்மாகூடத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாளாம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், மறுப்பதே குற்றம் என்று உனக்கு எடுத்தும் சொன்னார்களாம். நீயோ, நான் என்ன கஞ்சா குடிக்கிறவனா, என் எச்சிலை எதுக்குக் குடுக்கணும் என்று கேட்டிருக்கிறாய். "அம்மாதான் எச்சிலு ஆவாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்துச்சு" என்று அப்பாவிடம் பழியை என் மேல் போட்டிருக்கிறாய். ஏண்டா, டம்ளரில் வாய் வைக்காதே என்றது அடுத்தவரும் அதில் குடிக்க வேண்டுமே என்பதற்காக. பூர்ணிமா கடித்த மாங்காயைப் பிடுங்கித் தின்ற வாய்தானே அது, அன்றைக்கு எங்கே போயிருந்தது உன் ஆச்சாரம்?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். உனக்குச் சின்ன வயதிலிருந்தே தொண்டைக் கோளாறு, வாயைத் திறக்க முடியாது என்று இங்கே ஒரு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி அனுப்பச் சொன்னாயாமே. வாயைத் திறக்க முடியாதவனா போலீஸிடம் அவ்வளவு பேசினாய்? அதை வாங்கத்தான் உன் அப்பா கிளம்பி நின்றார். "புள்ள வாழ்க்கை கனகா, ஒரு காயிதம்தான" என்கிறார். சட்டையைக் கழற்றுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வீரம்மாள் ஓடி வந்துவிட்டாள். நல்ல வேளை, பூர்ணிமா கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போயிருந்தாள்.

ஒரு காகிதம்தானா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலக்கரையில் சைக்கிளில் வந்த உன் தங்கச்சியை லாரியால் இடித்தானே, அவன் கண் எப்படிச் சிவந்து கிடந்தது, எப்படிக் கஞ்சா நாறியது என்று நீயும்தானே பார்த்தாய். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று ஏட்டு சொன்னபோது, "நான் என்னா கஞ்சா குடிக்கிறவனா, என் ரத்தத்த எதுக்குக் குடுக்கணும்" என்று அவன் கத்தினான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த பூர்ணிமா காதில் அது விழுந்தது. லாரி முதலாளி வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வந்தது, காய்ச்சல் மாத்திரையால் கண் சிவந்ததாம், ரத்தம் எடுத்தால் உடம்பு தாங்காதாம். மறுத்தாலே சந்தேகப்பட நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது என்று வக்கீல் சொன்னார், அந்தச் சர்டிபிகேட் அதையும் அடைத்துவிட்டது. அவன் இன்னும் லாரி ஓட்டுகிறான். உன் தங்கச்சி காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். மனுஷரிடம் கிடைக்காத நியாயத்தை முருகனிடம் கேட்போம் என்று கொளஞ்சியப்பர் கோயிலில் சீட்டில் பிராது எழுதிக் கட்டினோமே, உன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உன்னைத்தான் எழுதச் சொன்னேன். பொய் சர்டிபிகேட் கொடுத்தவனையும் வாங்கினவனையும் நீதான் கேட்க வேண்டும் முருகா என்று எழுதினாய். இப்போது நாமே ஒன்று வாங்கினால் அந்தப் பிராது யார் மேல் போய் நிற்கும்?

அதனால் சர்டிபிகேட் வராது. அப்பாவை நச்சரிக்காதே, அவர் இளகிவிடுவார். நீ எதையும் தொடாதவன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த ஊர் ரோட்டில் சைக்கிளில் வருகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தானே அந்தக் குச்சி. கோர்ட்டில் நின்று, கேட்டார்கள், கொடுக்கவில்லை, என் தப்புதான் என்று சொல். லைசென்ஸ் போனால் ஹோட்டலில் தட்டுக் கழுவு, அதுவும் எச்சில்தான், பழகிக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நீ எங்கே இருந்தாலும் கொளஞ்சியப்பர் உன்னைக் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. நான் எடுக்க மாட்டேன், அப்பாவையும் எடுக்க விட மாட்டேன், பூர்ணிமாதான் எடுப்பாள். அவளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. போலீஸ்காரரிடம் நீ சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவளிடம் நீயே சொல்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
கனகா