பிரிண்டர் ஒயர்

வாத்தியாரம்மாவுக்கு,

உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர இன்றைய விலை, கடையில் பில் போடும் பிரிண்டரின் ஒயர். நீ உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதால், கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

நேற்று நீ ஹெட்போன் ஒயரைச் செருகிச் செருகி, "இந்தக் கம்ப்யூட்டர் என் மியூசிக் கீபோர்டைக் கண்டுக்கவே மாட்டேங்குதே" என்று அழுதபோதே, இது பொருந்தும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உன் வாசிப்பு போய்ச் சேராவிட்டால் அந்த இரண்டு வருஷ வெளிநாட்டு மியூசிக் டீச்சர் வேலை வராது, நீயும் போகமாட்டாய் என்று ஒரு அல்ப வியாபாரம்.

சதுர முனை கீபோர்டின் பின்னால், தட்டை முனை கம்ப்யூட்டரில். முதலில் கீபோர்டை ஆன் செய், பிறகு ரெக்கார்டிங் மென்பொருளைத் திற. இன்று சாயங்காலம்தான் கடைசி. நன்றாக வாசித்து அனுப்பிவிடு. கடையில் இன்று பில் என் கையால்தான். அந்தக் கையெழுத்தைப் படிக்க முடியாமலே பேரம் பேசாமல் போய்விடுவார்கள்.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியைக் கீழ்வீட்டுத் தையற்காரரிடம் கொடு.

உன் கடைக்காரப் புருஷன்

பி.கு.: "நான் போனா உங்களுக்கென்ன, கடை இருக்கே" என்றாயே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவு: கடையும் கல்லாவும். செலவு: இரண்டு வருஷம் நீ இல்லாத வீடு. எப்படிக் கூட்டினாலும் இடிக்கிறது.