அம்மா தட்டில் உப்பில்லை

இயேசு மரி சூசை

திண்டுக்கல்,
நவம்பர் 14

அன்பு மகன் இனிகோவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. என் நம்பரைப் பார்த்தால் நீ எடுக்க மாட்டாய், முந்தாநாள் அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கோபிக்கவில்லை, உன்மேல் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை. லீவு முடிந்து நாளைக்கு மஸ்கட்டுக்குத் திரும்பும் ஸ்டீபன்ராஜ் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், நீ படித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னிடம் "நல்லா இருக்கேன்ப்பு" என்கிறாளே உன் அம்மா, அது பொய். ஆகஸ்டு மாதத்திலிருந்தே அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. முதலில் பூசையில் முழந்தாளிட்டு எழும்போது, அப்புறம் பாத்திரம் கழுவும்போது, அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. நான்தான் முப்பத்தொரு வருஷம் பழனி வண்டியில் டிக்கெட் கிழித்து நின்றே பிழைத்தவன் ஆயிற்றே, சதைப் பிடிப்பைப் பற்றி எனக்கா தெரியாது என்று வைத்தியனாகிவிட்டேன். காலை நீட்டி, முழங்காலை மடக்காமல், பாதத்தின் விரல்களைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்து நிறுத்தச் சொன்னேன். சுவரில் கையூன்றி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் நிற்கச் சொன்னேன், பிறகு வெந்நீர்த் துணி ஒற்றினேன். அந்த நேரத்துக்கு விட்டுவிடும், மறுபடி வரும். உடம்பு காய்ந்துபோச்சு, தண்ணி பத்தலை என்று முடிவு கட்டி, குழாயில் வரும் ஆத்தூர் அணைத் தண்ணீரைக் காய்ச்சி ஒரு நாளைக்கு நாலு பாட்டில் குடிக்க வைத்தேன். குடிக்கக் குடிக்கப் பிடிப்பு அதிகமாயிற்று, வெங்காயம் நறுக்கும்போது கைவிரலும் கோணிக்கொண்டது. இன்னொரு பாட்டில் குடி என்றேன். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் அடுப்படியில் கால் இழுத்து விழுந்துவிட்டாள். தூக்கி உட்கார வைத்தால் என்னைப் பார்த்து, "இனிகோ பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டானா, மழை வருதே" என்று கேட்டாள். அப்போதே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் உப்பு மோசமாக இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அவள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்து ஒன்று இருக்கிறதாம், சிலருக்கு அது உப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுமாம், அதற்கு மேல் நான் ஊற்றிய வெறும் தண்ணீர் மிச்சத்தையும் கரைத்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு சேர்க்கிறீங்களாம்மா என்று இவளிடம் கேட்டார். ஒரே சட்டிச் சோறு, ஒரே குழம்புதான் டாக்டர், உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும் என்று நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன்.

மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் அடுப்பு மேடையில் தட்டு போட்டு மூடிய கிண்ணத்தைப் பார்த்தேன். அவள் விழுந்த அன்று தனக்கென்று எடுத்து வைத்த முருங்கைக்காய்க் குழம்பு, கெட்டுப்போய் நாறியது. சட்டியில் இருந்ததோடு சேர்த்துக் கொட்டப் போனவனை, பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி வாசலில் நிறுத்தி, "அண்ணே, அந்தக் கிண்ணத்துல இருக்கது உப்புப் போடாத கொழம்பு. ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாக" என்று அழுதாள். சட்டியில் உப்புப் போடும் முன்னால் தன் பங்கை எடுத்துவிடுவாளாம். பத்தொன்பது மாதமாக. ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறேன், அவள் தட்டில் ஒரு நாள் கை வைத்துப் பார்த்ததில்லை.

எதற்கு என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். போன வருஷம் ஈஸ்டர் மதியம், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது, திங்கிற சோத்துக்கு ஒருநாளாவது உழைச்சிருக்கியாலே என்று நான் கேட்டேன், நீ பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாய். அந்தத் தட்டைக் கழுவும்போதே மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், என் பிள்ளை இந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு முழுதாகத் தின்கிறவரை என் சோற்றில் உப்பில்லை என்று. செய்தது நான், சுமக்கிறது அவள். செவ்வாய்க்கிழமை நானும் உப்பில்லாமல் தின்று பார்த்தேன், மூன்று வேளை தாண்டவில்லை.

டாக்டரம்மா அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார், தண்ணீருக்கும் அளவு சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். "உப்பைக் குறைக்கச் சொன்னோம், விடச் சொல்லலையேம்மா, இன்னொரு தடவை இப்படி இறங்கினா வலிப்பு வரும், நினைவு திரும்பாமலும் போகலாம்" என்று இவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். பங்குச்சாமியார் வீட்டுக்கே வந்து, நேர்ச்சையை வேறு ஒன்றாக மாற்றித் தருகிறேன் என்றார். சரிங்க சாமி என்று கும்பிட்டவள், அன்று மதியமும் தன் பங்கைத் தனியாக எடுத்தாள். நான் உப்புக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்று அழுதேன், "நீங்க சொன்னதுக்கு நீங்க அழுங்க, நான் நேந்ததை நான் பாத்துக்கிறேன்" என்கிறாள். நேற்று காலையில் மறுபடி கால் பிடித்தது. மதியம் மூன்று தட்டு கழுவி வைத்தாள், மூன்றாவது உனக்கு, நீ வரும் நேரமாச்சாம். வரும் திங்கள்கிழமை திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும், அதுவரை எப்படி ஓட்டப் போகிறேன் என்று தெரியவில்லை.

உனக்கும் குடோனில் வேலை செய்யும்போது கால் இழுக்கிறது என்று அவளிடம் சொன்னாயாம். அந்த வெயிலில் வேர்வையாக ஊற்றும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்து வயிற்றை நிரப்பாதே, உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ சேர்த்துக்கொள், வேலைக்கு இறங்குமுன் கெண்டைச் சதையை நீட்டிக்கொடு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் யாரையும் உருவ விடாதே, நேரே டாக்டரிடம் போ. உன் அப்பனைப் போல நீயே வைத்தியம் பார்க்காதே.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள் இனிகோ. என்னோடு பேச வேண்டாம், நீ வந்து தின்கிறவரை நான் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், உனக்கு லீவு கிடைக்கிற முதல் நாளில் வா. இதைப் படித்ததும் முதலில் அவளைக் கூப்பிடு. எப்படி இருக்கே என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள். நான் வாரேம்மா, நான் வந்து சேர நீ உசுரோட இருக்கணும், இப்ப உப்புப் போட்டுத் தின்னு என்று சொல். அது உன் வாயிலிருந்து வந்தால்தான் கேட்பாள். அவள் கூப்பிடுகிறாள், சோறு எடுத்து வைத்துவிட்டாள்.

மாதா உனக்குத் துணையிருக்க, உன்னை ஆசீர்வதிக்கும்
அப்பா அந்தோணிமுத்து

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. இன்றே கூப்பிடு. அவள் போனில் உன் பெயரைப் பார்த்தால் நான் தொட மாட்டேன்.