சொன்ன விலை

த்ரியெஸ்தே
4 மார்ச் 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அம்மா இன்னும் முணுமுணுப்பது தெரியும். சந்தையில் ஜீன்ஸ் விற்கிற வேலை மோசமில்லை என்று சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் வருவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள். ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று சொல்கிறேன். முட்டைக்காரியிடம் பேசுகிற மாதிரி இங்கே பேரம் பேச வேண்டாம். எல்லை தாண்டிச் சாமான் வாங்க வருகிற நம் நாட்டு ஆட்களைக் கண்டாலே, கூட வேலை செய்யும் ப்ரூனா, "பாதி விலைக் கும்பல் வந்தாச்சு!" என்று சிரிக்கிறாள். எனக்குக் காது சிவந்துபோகிறது.

அந்த ஒட்டுப் போட்ட கால்சட்டையும் வேண்டாமே. ஒரு ஜீன்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நெவென்கா


கார்லோவட்ஸ்
18 மார்ச்

அன்பு மகள் நெனாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சுங்கக்காரன் கண்ணில் படாமலிருக்க ஜீன்ஸை உள்ளே போட்டு, மேலே பழையதை மாட்டிக்கொண்டேன். வழியெல்லாம் உட்கார முடியவில்லை. உன் அம்மா, "யாருய்யா இந்த இளவட்டம், வீடு மாறி வந்துட்டியா?" என்கிறாள்.

நீ சொன்னபடி பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

கூட்டத்தில் நீ என்னைக் கவனித்திருக்க மாட்டாய். கடைப் பெண் மரியாதையாக, "என்ன அளவு சார்?" என்று கேட்டாள். அது போதும்.

நேற்று உன் அம்மாவும் முட்டைக்காரி சொன்னதை அப்படியே கொடுத்தாளாம். முட்டைக்காரி பயந்துபோய், "வீட்டுல யாருக்காச்சும் உடம்பு முடியலையா?" என்று கேட்டிருக்கிறாள்.

அப்பா


த்ரியெஸ்தே
25 மார்ச்

அப்பா,

கவனித்தேன். "என்ன அளவு சார்?" என்று கேட்டது நான்தானே.

ப்ரூனா உங்கள் முழங்கால் ஒட்டைக் காட்டி, "உங்க ஊர் ஆளாடி?" என்றபோது நான் குனிந்து ஜீன்ஸை மடிக்க ஆரம்பித்தேன். நீங்களே முந்திக்கொண்டு, "இல்லம்மா, இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்ல" என்றீர்கள்.

இன்னும் இருக்கிறது. நம் ஆட்கள் எப்படியும் பேரம் பேசுவார்கள் என்று முதலாளி எங்களை இரண்டு மடங்கு விலை சொல்லச் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் நின்றதால் உங்களிடமும் அதையே சொன்னேன். குறைத்துக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். பேரம் பேசாதீர்கள் என்று எழுதியது நான்தான் என்பது நினைவுக்கு வந்தபோது பணம் பெட்டிக்குள் போயிருந்தது. நீங்கள் போனதும் ப்ரூனா, "இப்படி ஒரு ஏமாளியா!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்பா.

நேற்று ரொட்டிக் கடையில், முந்தின நாள் ரொட்டியைக் காட்டி விலை குறைக்கச் சொன்னேன். எனக்கு உங்கள் குரலே வந்தது.

வருகிற சனிக்கிழமை வாருங்கள். ஒட்டுப் போட்டதையே போட்டு வாருங்கள். பாதிக்கும் கீழே கேளுங்கள், சந்தையே திரும்பிப் பார்க்கட்டும். "கட்டுப்படியாகாதுப்பா!" என்று நானும் சத்தமாகச் சொல்கிறேன். ப்ரூனா கேட்டால், ஆமாம், என் அப்பாதான் என்று நானே சொல்கிறேன். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

நெனா