ஆவடி பஞ்சவர்ணத்தின் தொலைபேசி எண்

மண்ணூர்பேட்டை,
7 ஜூலை 2025

மதிப்பிற்குரிய வலைப்பதிவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நிறுவனம் பெருமையுடன் அறிமுகப்படுத்தும் ‘மல்லி’ மேசை கிரைண்டர் குறித்த செய்திக்குறிப்பை இத்துடன் இணைத்துள்ளோம். சத்தமே இல்லாமல் மாவு அரைக்கும் புரட்சி! “குழந்தை தூங்கும்போதே பக்கத்தில் வைத்து அரைக்கிறேன்” என்று பூரிக்கிறார் ஆவடி இல்லத்தரசி பஞ்சவர்ணம். தங்கள் வலைப்பூவில் வெளியிட்டு ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கார்த்திகா,
மக்கள் தொடர்பு அலுவலர்

•

ஆவடி,
8 ஜூலை

மதிப்பிற்குரிய மக்கள் தொடர்பு அலுவலர் அவர்களுக்கு,

அடிப்பாவி! மூன்று வருடம் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, உன் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தில் பாதியைப் பிடுங்கித் தின்றவள் நான். இரண்டு வருடமாக ‘எப்படி இருக்கே’ என்று ஒரு வார்த்தை கிடையாது. திடீரென்று கடிதம் வந்தால் ‘வலைப்பதிவர் அவர்களுக்கு’! எனக்குப் பெயர்கூடவா இல்லை? வீட்டுக்காரர் யூசுப்பிடம் காட்டினேன். “உன் ஃபிரெண்டு உன்ன மறக்கல, லிஸ்ட்ல வெச்சிருக்காங்க பாரு” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, தொழிலுக்கு வருகிறேன். பிளாக் எழுதுகிறவளுக்கு இதுபோல் தினமும் பத்து வரும். ‘பெருமையுடன்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே அழித்துவிடுவேன். என் பிளாக்கைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் பெண்கள். நான் நன்றாயிருக்கிறது என்று எழுதினால் மறுவாரம் வாங்கிவிடுவார்கள். பொருள் சரியில்லை என்றால் என்னை மார்க்கெட்டில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அதனால் வாங்கினவர்களிடம் பேசாமல் எதையும் எழுதுவதில்லை. பஞ்சவர்ணம் எங்கள் ஊர்க்காரர்தானே? நம்பர் அனுப்பு.

கோபத்துடனும் அன்புடனும்,
ஜமீலா

•

மண்ணூர்பேட்டை,
9 ஜூலை

என் ஜமீலா,

திட்டு, நன்றாகத் திட்டு. நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தைத் தட்டிவிட்டேன். அதில் உன் முகவரி இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று, நாற்பது பேரில் பதில் போட்டவள் நீ ஒருத்திதான்.

இந்த மாதக் கடைசியோடு என் புரொபேஷன் முடிகிறது. முதலாளி கலியமூர்த்தி சார் பட்டென்று சொல்லிவிட்டார்: “பிளாக்குல ஒருத்தராவது எழுதணும்மா. இல்லாட்டி இந்த வேலைக்கு ஒரு ஆளு எதுக்கு?” எனக்குப் பயமில்லை. இந்தக் கார்த்திகா எழுதி விற்காத சரக்கு உண்டா? கல்லூரி ஆண்டு விழாவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நம் பஜ்ஜிக் கடைக்குக் கூட்டம் சேர்த்தது யார் எழுதிய நோட்டீஸ்?

பஞ்சவர்ணத்தின் நம்பர் கீழே இருக்கிறது. கொஞ்சம் கூச்ச சுபாவம், இரண்டு நிமிடம்தான் பேசுவார். நீ எழுதிவிடுவாய், எனக்குத் தெரியும்.

உன்
கார்த்தி

•

ஆவடி,
12 ஜூலை

கார்த்தி,

உன் பஞ்சவர்ணத்துக்கு நேற்று போன் செய்தேன். “வணக்கங்க, நான் ஆவடி பஞ்சவர்ணம் பேசுறேங்க” என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தார். சத்தம் எப்படி என்று கேட்டேன். “சத்தமே இல்லீங்க” என்றார். அப்புறம், “ஏய் ஜமீலா, கொரலு இன்னாடி கம்மிகினு கீது? சளி புடிச்சிகிச்சா? மொளகு ரசம் வெச்சிக் குடி!”

பொன்னியம்மா! பாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மா ஆவடி பஞ்சவர்ணமாக நடிக்கிறார்! யாரிடம் புளுகுகிறோம் என்று பார்த்துப் புளுக வேண்டாமா?

வேஷம் கலைந்தபின் அரை மணி நேரம் பேசினோம். “சத்தமா? அது கத்திகினுதான் கீது. நான் டிவிய ஏத்தி வெச்சிப்பேன். ஆனா கல்ல ஒத்தக் கையால தூக்கிக் கழுவலாம்டி. தோள்பட்ட ஆபரேசனுக்கு அப்பால நானே மாவு அரைக்கிறது இதுலதான். கார்த்திகா வர்ற வரைக்கும் ஊட்ல காத்துகினு கெடக்க வேணாம்.”

ஆபரேஷனா? தீபாவளி முடிந்த வாரமாம். எட்டு மாதம் ஆகிறது. உன் கிரைண்டரைப் பற்றி விசாரிக்கப் போய்த்தான் எனக்கு இது தெரிய வேண்டுமா? ஆவடிக்கும் பாடிக்கும் அப்படி என்ன தூரம்? இதை எழுதும்போதுகூட அழுகை வருகிறது.

அந்தப் பொய்யை நான் போட மாட்டேன். போட்டால் உனக்கு வேலை நிலைக்கும் என்றாலும் போட மாட்டேன்.

ஜமீலா

•

மண்ணூர்பேட்டை,
16 ஜூலை

ஜமீலா,

மூன்று நாளாகப் பதில் எழுதக் கை வரவில்லை. பழைய வேலை போய் ஒரு வருடம் வீட்டில் கிடந்தேன். அந்த நேரத்தில்தான் அம்மாவுக்கு ஆபரேஷன். உன் பிளாக் அப்போது ஓஹோவென்று போய்க்கொண்டிருந்தது. உன்னைக் கூப்பிட வெட்கமாயிருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. மன்னித்துவிடு.

நேற்று புதிய செய்திக்குறிப்பை முதலாளி முன்னால் வைத்தேன். முதல் வரி: ‘இந்த கிரைண்டர் சத்தம் போடும்.’ கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா, என் சரக்க நீயே கவுத்துடுவ போலகீதே?”

“சார், சத்தமில்லைன்னு போட்டா வாங்கின அன்னிக்கே திட்டுவாங்க. சத்தம் போடும், ஆனா ஒத்தக் கையில தூக்கலாம்னு போடுங்க. தோள் வலிக்கிற பொம்பளைங்க அத்தன பேரும் படிப்பாங்க.”

அவர் கல்லை இடது கையால் தூக்கினார். வைத்தார். மறுபடி தூக்கினார். “இத ஏன் இத்தினி நாளா எனக்கு யாரும் சொல்லல?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை நாற்பது பேர் இல்லை, ஆறே பேர். ஒவ்வொருவரின் பழைய பதிவுகளையும் உட்கார்ந்து படித்து, தனித்தனியாக எழுதுகிறேன். உனக்குத்தான் முதலில். பஞ்சவர்ணத்தை எடுத்துவிட்டேன். பாடி பொன்னியம்மா என்றும், அவர் இதை எழுதியவளின் தாயார் என்றும் போட்டிருக்கிறேன்.

உன்
கார்த்தி

•

ஆவடி,
24 ஜூலை

என் கார்த்தி,

படித்தேன், இரண்டு தடவை. முதல் வரியைப் பார்த்த எவளுக்கும் அழிக்க மனம் வராது. இதுதான்டி நம் பஜ்ஜிக் கடைக் கார்த்திகா.

ஆனால் நான் எழுதப் போவதில்லை. கோபமெல்லாம் இல்லை. பொன்னியம்மா கையால் சாப்பிட்டவள் நான், எப்படி எழுதினாலும் அம்மா பக்கம்தான் சாயும். படிக்கிறவர்களுக்கு அது நியாயமில்லை.

பிளாக் எழுதும் நெமிலிச்சேரி கிருஷ்ணப்பிரியா நேற்று வேறு விஷயமாகப் பேசினாள். உன் கடிதம் வந்ததாம். மணிக்கட்டு வலி பற்றி அவள் எப்போதோ எழுதியதைப் படித்துவிட்டு எழுதியிருந்தாயாமே, அசந்துபோய்விட்டாள். கிரைண்டரை வரவழைத்து அரைத்தும் பார்த்துவிட்டாளாம், நாளை எழுதுகிறாள். உன்னை எனக்குத் தெரியும் என்றுகூட நான் மூச்சுவிடவில்லை. அது முழுக்க நீ எழுதியதற்குக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் யூசுப்பும் பாடிக்கு வருகிறோம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அரிசி ஊறப்போடுவதாகச் சொன்னார். கிரைண்டர் கத்தட்டும், நாம் அதைவிடச் சத்தமாகப் பேசிக்கொள்ளலாம். இனிமேல் நல்லதோ கெட்டதோ, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்.

உன் லிஸ்டில் இல்லாத
ஜமீலா