வாத்துப் பெட்டிக்குள் இருந்தது

அன்புள்ள பெரியவனுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே நீ, மருமகள், பேரன் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். மனதளவில் சுகமா என்று மட்டும் கேட்காதே. போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று அப்படி இல்லை, இப்படி என்று திருத்துவார். அதனால்தான் கடிதம். கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆள் வந்தால் நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்வேன், கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் கடையில் நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து விற்கிற சலவைத்தூள், வாத்துப் படம் போட்ட மஞ்சள் பெட்டி, அதன் பேரை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. வாத்தும் போயிற்று, மஞ்சளும் போயிற்று. இப்போது லுமிசோவாம். வெள்ளைப் பெட்டி, அதில் நீலமாக ஒரு வளைவு, ஏதோ ஊசிமருந்து வாங்கி வந்த மாதிரி இருக்கிறது. உள்ளே அதே தூள்தான் என்று கம்பெனி ஆள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். யார் கேட்டார்கள்? வாத்து இருக்கா என்பார்கள், பேர் மாறிவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தெருக் கடையில் பழைய சரக்கு இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன ஒழுங்கு. லுமிசோவில் துவைத்த முதல் நாளே எனக்கு நுரை வரவில்லை, கையெல்லாம் அரித்தது, அப்பாவின் சட்டைக் காலரில் அழுக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தது. இதை மாடியில் குடியிருக்கிற நர்ஸிடம் சொன்னேன், எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் கூப்பிட்டுச் சொன்னேன். சொந்தக் கடைச் சரக்கை நீயே இப்படிப் பேசினா உருப்பட்ட மாதிரிதான் என்று அப்பா புலம்பினார்.

ஒரு நாள் சாயங்காலம் மனிதர் வாயெல்லாம் பல்லாக வந்து, எங்கேயோ ஒரு மொத்த வியாபாரியிடம் பழைய வாத்து கிடைத்துவிட்டது என்றார். பார்த்தால் அலமாரி முழுக்க மஞ்சள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெட்டியைக் கையில் எடுத்து, கொஞ்சம் தடியாக இருக்கிறதே என்றேன். அந்தக் காலத்து அட்டை அப்படித்தான் என்றார். நானும் ஆமாம், அந்தக் காலத்து அட்டையே அட்டை என்றேன். என் புத்தியை எதால் அடிப்பது? அதோடு விட்டேனா? மறுநாள் கடை வாசலில் இரண்டு வாளி வைத்து, ஒன்றில் லுமிசோ, ஒன்றில் வாத்து, நானே கையை விட்டுக் கலக்கி நர்ஸுக்கும் டீச்சருக்கும் போகிற வருகிறவர்களுக்கும் காட்டினேன். நுரையைப் பாருங்க, வித்தியாசம் தெரியுதா இல்லையா என்று சவால் விட்டேன். தெரியுது தெரியுது என்று எல்லோரும் சொன்னார்கள். உன் அப்பா உள்ளே சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் நர்ஸ் படியிறங்கி வந்து, ஆட்கள் நிற்கும்போதே, நனைந்து ஊறிய பெட்டி ஒன்றைக் கல்லா மேல் வைத்தாள். மஞ்சள் காகிதம் பாதி உரிந்து தொங்குகிறது, உள்ளே வெள்ளைப் பெட்டி, நீல வளைவு, லுமிசோ. நான் உடனே கம்பெனிக்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று கத்த ஆரம்பித்தேன். அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அந்த இருமலில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அச்சகம் வைத்திருக்கிற அவர் நண்பரிடம் வாத்துக் காகிதம் அடித்து, எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு பெட்டிக்கும் சுற்றி ஒட்டியிருக்கிறார். கேட்டால், உள்ள இருக்கறது அவங்க தூளே தானே, ஜனங்க கேட்ட பேரைக் கொடுத்தேன், யாரை ஏமாத்தினேன் என்கிறார். யாரையா? என்னைத்தான். நான் வாளியில் கையை விட்டு ஆட்டியபோது உள்ளே நின்று வேடிக்கை பார்த்தாரே, அதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அதே தூளில் ஒரு பெட்டிக்குக் கை அரித்து, ஒரு பெட்டிக்கு அரிக்காமல் இருந்திருக்கிறது எனக்கு. இப்போது எதற்கும் அரிப்பதில்லை, அது இன்னும் எரிச்சல்.

இதில் உன் பங்கும் இருக்கிறது, நழுவாதே. பழைய வாத்துப் படத்தை ஞாபகத்துக்குச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று அப்பா கேட்டாராம், நீயும் அலுவலக வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வாத்தை இறகு இறகாக வரைந்து அனுப்பினாயாம். இந்த வீட்டில் அவர் எந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? விஷயம் காதுக்கு எட்டி வந்த கம்பெனி ஆள், இது போலிச் சரக்கு என்று முதலில் குதித்தார். உங்க சரக்கை உங்க பழைய பேர்ல வித்தா அது எப்படிப் போலி என்று அப்பா மடக்கினார். அவர் முழித்துவிட்டு, எங்க வாத்தைவிட இது அழகா இருக்கே, யார் வரைஞ்சது என்று கேட்டார். நான் அலமாரியைத் துடைக்கப் போய்விட்டேன். எல்லாவற்றையும் உரித்தால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையில் ஈரத்துணியைக் கொடுத்து உட்கார வைத்து அப்பாவையே உரிக்க வைத்தேன். டீச்சர் வந்து, எனக்கு மட்டும் மஞ்சளோடவே குடுங்க, அதுலதான் நுரை வருது என்றாள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனால் நர்ஸ் அப்படி இல்லை. அக்கா, நான் வாத்துக்காக வாங்கலை, நீங்க சொன்னீங்கன்னு வாங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அடுத்த தெருக் கடைப் பையோடு நம் வாசலைத் தாண்டி மாடி ஏறுகிறாள். மற்றவர்கள் வருகிறார்கள், ஆனால் பிஸ்கட்டோ தேயிலையோ, எதை எடுத்தாலும் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது, அழுகையே வருகிறது. அதனால்தான் அப்பாவைச் சரக்கு எடுக்க அனுப்பிவிட்டு நானே கல்லாவில் உட்கார்கிறேன். இரு, யாரோ வருகிறார்கள்.

நர்ஸ்தான். இந்நேரம் அடுத்த தெருக் கடை மூடியிருக்கும். புதிதாக வந்திருக்கிற பிஸ்கட்டைக் கையில் எடுத்து, இது எப்படிக்கா இருக்கும் என்று கேட்டாள். பிரமாதமாக இருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது, இத்தனை வருஷப் பழக்கம். விழுங்கிவிட்டு, தெரியலம்மா, நான் இன்னும் தின்னு பார்க்கலை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓரத்தைச் சுரண்டாமல் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

எழுத வந்த மீதியெல்லாம் மறந்துவிட்டது. பேரனுக்குப் பல் முளைத்தால் உடனே சொல், மருமகளை ரொம்ப வேலை வாங்காதே, வேளைக்குச் சாப்பிடு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. முக்கியமான ஒன்று, பற்பசைக்கும் பேர் மாறப்போகிறதாம். அப்பா எந்தப் படம் கேட்டாலும் கை வலி என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
அந்தப் பிஸ்கட்டில் ஒன்றைப் பிரித்துத் தின்று பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா