படுத்தெழும்பினால் போகாத களைப்பு

இன்று மத்தியானம் மேசை லாச்சியை வெளியே இழுத்துத் துப்புரவாக்கும்போது அந்தத் துண்டு கையில் அகப்பட்டது. விரல் நீளம், நடுவில் ஒடுங்கிய இடை. அலுமினியத்துக்குள் காபன் நார் வைத்து ஆய்வுக்காக நீயும் நானும் வார்த்தது. மூக்கருகே கொண்டுபோனேன். இயந்திர எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. நீ போய் ஒரு வருடமாகிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லைப்போலும்.

அந்த மணத்தோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்து மாரிகாலப் பின்னேரங்களும் வந்தன. எத்தனை இழுப்புக்குத் தாங்கும் என்று பார்க்க, இயந்திரம் துண்டை இழுத்து விடும், இழுத்து விடும். அந்தத் தாளத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அரைத்தூக்கத்தில் மிதப்போம். பலாலி வீதி பஸ்ஸின் ஹோர்ன் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். திடீரென்று நீ நிமிர்ந்து, "கேட்டனியோ? ஒரு நார் அறுந்திட்டுது" என்பாய். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் தலையாட்டுவேன்.

இந்தத் துண்டை முறிய முன்னமே கழற்றினோம். கண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உலோகம் குறுக்கே வெடித்திருந்தது. நார்கள்தான் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தன. "பாவம், உவை காட்டிக்குடுக்காமல் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்" என்றாய்.

இழுபட்டு இழுபட்டே உலோகம் நொந்துபோவதை ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் நான் 'உலோகக் களைப்பு' என்று எழுதியதற்கு என்ன சண்டை பிடித்தாய்! "களைப்பு எண்டால் படுத்தெழும்பினால் போயிடும். உது போகாதடி. வேறை சொல்லுத் தேடு." வேறு சொல் கிடைக்கவில்லை. களைப்பே அச்சேறியது. நான் வென்றுவிட்டதாக ஒரு கிழமை பெருமையடித்துத் திரிந்தேன்.

போன வருடம் உன் ஊர் கரவெட்டியிலிருந்து போன் எடுத்தாய். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பு, வீட்டில் சமையல், படுக்கையில் அப்பா, எல்லாம் உன் தலையில். குரல் இறங்கியிருந்தது.

"என்னடி, ஒரு மாதிரிக் கதைக்கிறாய்?"

"ஒண்டுமில்லையடி, களைப்பு."

"படுத்தெழும்பு, போயிடும்."

நீ சிரித்தாய். உன் பழைய பேச்சையே உனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டேன் என்று நானும் சிரித்தேன். அடுத்த கிழமை உன் தம்பி அழைத்தான். வகுப்பில் நின்றபடியே விழுந்தாயாம், இதயம் நின்றுவிட்டதாம்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு நார் அறுந்திருக்கும். அன்றும் எனக்குக் கேட்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

இப்போது யாராவது களைப்பு என்றால் நான் இலேசில் விடுவதில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "படுத்தெழும்பினால் போற களைப்போ, போகாத களைப்போ?" என்று கேட்கிறேன். பலர் சிரிக்கிறார்கள்.

நேற்று ஒருத்தி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.