குமரன் போட்ட கொடி

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்வேதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி குமரனும் இங்கே சுகம், அயர்லாந்துக் குளிரில் உனக்குச் சளி விட்டதா, நைட் டூட்டி குறைந்ததா என்பதுதான் எங்கள் கவலை. போன வாரம் போனில், அம்மா, உங்களுக்குப் பிறகு காது கேளாத தம்பியை யார் பார்ப்பார்கள், நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று அழுதாயே, அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது, நிதானமாகப் படி.

நான் தைக்கிற ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் பார்க்கும் நசீர் அகமது பாய், குமரன் பென்சிலில் போட்ட பூங்கொடிப் படத்தைச் செருப்பு வாரில் வெட்டிப் பார்க்கலாம் என்று அவனை வரச்சொன்னார். வெட்டுவது லேசர் மெஷின். அதற்குப் படம் புரியாதாம், கோடு எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்று கம்ப்யூட்டரில் மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். ஸ்கேன் எடுத்து மாற்றியபோது, அவன் போட்ட ஒவ்வொரு கோட்டின் இரண்டு ஓரத்தையும் அது தனித்தனிக் கோடாக எடுத்துவிட்டது. மெஷின் இரண்டையும் வெட்ட, நடுவில் இருந்த தோல் உதிர்ந்து வார் கந்தலாகிப் போனது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சத்தம் கேட்காவிட்டாலும் முகம் தெரியுமே, விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். பாய்தான், "பேஜாராவாதம்மா, அவன் படத்துல தப்பே இல்ல, நாங்க மாத்துனதுலதான் தப்பு கீது. நாளைக்கும் கூட்டினு வா" என்றார்.

வரமாட்டேன் என்றவனை மறுநாள் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் பார்க்கும் சௌமியா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஓரங்களை விட்டு நடுக்கோட்டை மட்டும் எடுக்கிற முறையைக் கைஜாடையிலேயே காட்டினாள். தாளின் அழுக்கையும் நிழலையும் முதலில் வெளுக்க வேண்டும், கோட்டில் புள்ளி ஜாஸ்தி விழுந்தால் வளைவு நடுங்கும் என்று அதிகப்படியைக் கழிக்க வேண்டும், கிளை சேரும் இடத்தில் அறுந்த கோட்டைக் கையால் ஒட்ட வேண்டும். அவன் சாப்பிடக்கூட எழவில்லை. சாயங்காலம் வெட்டிய வாரில் கொடி மயிரிழையாக ஓடியது, சிரித்தவர்களே கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவனுக்கு அங்கேயே வேலை. நீ அழுததை அவனிடம் சொன்னேன். "அக்காவ லீவுல வரச் சொல்லு, எனக்குக் காவலுக்கு வேணாம்" என்று ஜாடை காட்டினான். என் பதிலும் அதுதான் கண்ணு.

நல்ல தூக்கமும் சூடான சோறும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று பள்ளிகொண்டா ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே, உனக்குச் செருப்பு செய்யப்போகிறானாம், வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்துக் கறுப்புப் பேனாவால் சுற்றி வரைந்து போட்டோ அனுப்பு. நிழல் விழக்கூடாதாம், கோட்டின் மேல் கோடு போடக்கூடாதாம், அக்கா எப்போதும் அவசரக்காரி என்று கண்டிப்பாக எழுதச் சொன்னான்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஜோதி